உப்பளத்துப் பெண்களை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு எப்படி அழைத்து வருவது? 62 பேரில் 9 பேர்தான் வந்தார்கள்

கேள்வி: அளத்துக்கரை

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பள ஊரிலிருந்து எழுதுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நான் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். தோளில் ஒரு பை, அதில் பிரஷர் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைகள். வீடு வீடாகப் போவதுதான் வேலை. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் எந்த வீட்டிலும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. "வா பிள்ள, உக்காரு" என்று சொல்லி அவர்களே விரலை நீட்டுவார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று வாயைத் திறந்தால் மட்டும் முகம் மாறிவிடுகிறது.

ஜூன் மாதம் எங்கள் ஊரில் ஒரு முகாம் போட்டார்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 62 பேர் என் பட்டியலில் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தடவை போய்ச் சொன்னேன். அத்தனை பேரும் "வாரோம், வாரோம்" என்றார்கள். வந்தது 9 பேர். அதில் 4 பேர் என் சொந்தக்காரர்கள். என் முகத்துக்காக வந்தவர்கள்.

ஏன் வரவில்லை என்று அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்டேன். முகாம் காலை 10 மணிக்கு. இங்கே பெண்கள் விடியற்காலை 3 மணிக்கே டார்ச் லைட்டோடு அளத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இருக்கும் உப்பை வாரி ஏற்றியாக வேண்டும். 11 மணிக்குத் திரும்பும்போது கால், இடுப்பு, சேலை எல்லாம் உப்புப் பூத்திருக்கும். ஒரு அக்கா என்னிடம் சொன்னது இது: "குளிக்காம கொள்ளாம எப்படிப் பிள்ள அந்த இடத்த ஒருத்திகிட்ட காட்டச் சொல்லுத?" எங்கள் ஊரில் குடத்துத் தண்ணீருக்குக் காசு. முகாம் நடந்தது ரேஷன் கடைக்குப் பக்கத்துக் கூடத்தில். அங்கே போனால் யார் யார் போனார்கள் என்று ஊருக்கே தெரியும். மிச்சம் பேருக்கு, கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

வந்த 9 பேரில் 2 பேருக்குச் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டாள், ஒன்றுமில்லை என்று வந்தது. இன்னொருவர் எனக்குச் சித்தி முறை, 41 வயது. அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறார். அன்றைக்கு அந்த டாக்டர் இல்லை, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போனார். ஒரு சீட்டைக் கொடுத்து "அந்தக் கட்டடத்துக்குப் போங்க" என்று கை காட்டினார்களாம். சித்திக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. யாரிடமும் கேட்கக் கூச்சம். மதியம் வரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டார். இரண்டு நாள் கூலி போனது. மூன்றாவது தடவை போகவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் போய்க் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

என் மூத்த மைனியை 2019-ல் இதே நோய்க்குப் பறிகொடுத்தோம். 47 வயது. தீட்டு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, மேலே ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அளத்துக்கு வந்து நின்றார். "உப்புத் தண்ணி பட்டு எரியுதுன்னு நெனச்சேன்" என்று கடைசியில்தான் சொன்னார். அதனால்தான் இந்த 62 பெயரையும் என்னால் விட முடியவில்லை.

பெண்களை வரவைப்பதற்கு நீங்கள் செய்து பார்த்து நடந்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். சித்தியை என்ன சொல்லி அழைத்துப் போவது என்பதையும் சொல்லுங்கள்.


பதில்: ஒட்டன்சத்திரம் அக்கா

தங்கச்சி, நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இதே கதவுகளை நானும் தட்டியிருக்கிறேன்.

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியும், பிரான்ஸ் நாட்டு லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து நடத்தியது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். களத்தில் வேலை செய்த செவிலியர்களில் நானும் ஒருத்தி. பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, எங்கே இடம் கொடுத்தார்களோ அங்கே ஒரு கட்டிலும் திரையும் போட்டோம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், மாற்றம் இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். லேபுக்கு அனுப்ப வேண்டாம், பத்து நாள் காத்திருக்க வேண்டாம்.

அதன் முடிவு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரே ஒரு தடவை இப்படிப் பரிசோதித்த ஊர்களில், பரிசோதிக்காத ஊர்களைவிட இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. பரிசோதனை கிடைக்காத ஊர்ப் பெண்களுக்கு விழிப்புணர்வுப் பேச்சு மட்டும்தான் என்பது பின்னால் பெரிய விவாதமானது. அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்த ஊர்க்காரிகளும் எங்கள் சந்தைக்கு வருகிறவர்கள்தானே.

நான் சொல்ல வருவது இந்தக் கணக்கு. பரிசோதனைக்கு உரிய பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். அத்தனை வேலை செய்தும் 18,000 பேர் வரவே இல்லை. அதனால் 62-ல் 9 என்று மனசை விட்டுவிடாதீர்கள். அடுத்த கணக்கைப் பாருங்கள்: வந்தவர்களில் 3,088 பேருக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அவர்களில் 3,052 பேருக்கு அடுத்த கட்டப் பரிசோதனையான கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது, நடந்துவிட்டது. விட்டுப்போனது வெறும் 36 பேர். எப்படி? அந்தக் கருவியும் எங்களோடு வந்தது. எழுந்து வீட்டுக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிட்டோம். அவர்களிடம் செவ்வாய்க்கிழமை வாங்க என்று சொல்லியிருந்தால், பாதிப் பேர் உங்கள் சித்தி மாதிரி மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

இனி நான் கையால் செய்தவை.

கருவியை ஒளித்து வைக்காதீர்கள். நாங்கள் போகிற தெருவில், உள்ளே விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை ஒரு தட்டில் வைத்துப் பெண்கள் கையில் கொடுத்துவிடுவோம். அவர்கள் திறந்து மூடிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், இதுதானா என்பார்கள். எவ்வளவு பெரிசோ என்று மனசில் வளர்ந்த பயம் கையில் தொட்டதும் பாதி அடங்கும். இரும்புக் கருவி என்றால் பரிசோதனைக்கு முன் வெந்நீரில் போட்டு எடுத்து, வெதுவெதுப்பாக்கிக் கொள்ளச் சொல்லுங்கள். சில்லென்று பட்டால் உடம்பு இறுகும், அப்புறம் வலிக்கும். வலித்தது என்று ஒருத்தி சொன்னால் அந்தத் தெரு முழுக்க முடிந்தது.

சேலையை அவிழ்க்க வேண்டியதில்லை, ஏற்றினால் போதும் என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் ஊருக்கு நான் இன்னும் ஒன்று சொல்வேன்: துவைத்த பாவாடை பத்து, ஒரு டிரம் தண்ணீர், மறைவாகக் குளிக்க ஓர் இடம். அந்த அக்கா உங்களிடம் சொன்ன காரணம் உண்மையான காரணம். குளிக்க இடம் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியும்.

"சும்மா செக்கப்தான்" என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். எங்களோடு இருந்த ஒருத்தி அப்படிச் சொல்லித்தான் ஆள் சேர்த்தாள். வந்தவர்களில் ஒரு அம்மாவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. "சும்மாதானே சொன்னே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர், அப்புறம் கதவைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அழைத்தவள் யாரோ, அவளே திரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நேரத்தில் தெரிந்த முகம்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டீர்களா?


பதில்: மகப்பேறு மருத்துவர், அரசுப் பணி

அக்கா சொன்னவற்றோடு மருத்துவப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில், உங்கள் மைனிக்கு நடந்தது போல ரத்தம் படுகிறவர்களைப் பற்றி. தீட்டு நின்ற பிறகு ரத்தம், கணவனோடு சேர்ந்த பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இவை இருக்கிற பெண்ணை முகாமுக்குக் காத்திருக்க வைக்காதீர்கள். முகாம் என்பது ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. அறிகுறி உள்ளவர் மறுநாளே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீடு வீடாகப் போகும் உங்களுக்குத்தான் இது முதலில் காதில் விழும். சர்க்கரை பார்க்கும்போதே, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். கல்யாணமான பெண்களில் பெரும்பாலானோருக்கு எப்போதாவது வந்து தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கும். தங்கினாலும் புற்றாக மாறப் பத்து, பதினைந்து வருஷம் ஆகும். அந்த வருஷங்களுக்குள் கண்டுபிடித்தால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை, மாறிய தோலை மட்டும் உறைய வைத்தோ சூடு வைத்தோ நீக்கிவிடலாம். பயப்படுகிற பெண்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்: கர்ப்பப்பையைக் காப்பாற்றுவதற்குத்தான் இந்தப் பரிசோதனை. இந்தியாவில் 2022-ல் மட்டும் 1,27,000-க்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, 79,000-க்கு மேல் இறந்தார்கள் என்பது உலக மதிப்பீடு. இத்தனை வருஷ அவகாசம் கொடுக்கிற ஒரு நோய்க்கு இத்தனை பேரைக் கொடுக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. திண்டுக்கல்லில் பத்தில் ஒருவருக்கு அப்படித் தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. புண், வீக்கம், கிருமித்தொற்று எதுவும் அப்படிக் காட்டலாம். இதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் சமாதானப்படுத்துகிறோம் என்று நினைப்பார்கள்.

50 வயதுக்கு மேல் இந்த வினிகர் முறை அவ்வளவு நம்பகமில்லை, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும். அந்த வயதுக்காரர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனை நல்லது. அதற்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எல்லா இடத்திலும் கிடைக்காது, உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

உப்பளம் என்பதால் இன்னொன்று. உறைய வைக்கும் சிகிச்சைக்குப் பிறகு சுமார் நான்கு வாரம் தண்ணீராகக் கசியும். அந்த நாட்களில் கணவனோடு சேரக் கூடாது. குனிந்து உப்பு வாரி, பளு தூக்கி, நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்பதும் சரிவராது. அதனால் உங்கள் முகாமை மழைக்காலத்துக்கு மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் வேலை கிடையாது. கூலி போகுமே என்ற பேச்சே இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு அந்த மாதங்களில் அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. உங்கள் ஊரில் பரிசோதனைக்குச் சரியான நேரம் அதுதான்.

ஆனால் சித்தியை மழை வரும்வரை வைத்திருக்காதீர்கள். இந்த வாரமே அழைத்துப் போங்கள். போவதற்கு முன் அந்தத் துறைக்குப் போன் செய்து, டாக்டர் எந்த நாளில் இருக்கிறார், எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முகாமில் கொடுத்த சீட்டை மறக்க வேண்டாம்.


பதில்: உப்பு லாரி

நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான். உப்பு லோடு ஏற்றி வெளியூர் ஓட்டுகிறேன். பெண்கள் பேசுகிற இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் ஆம்பிளைகளிடம் யாருமே பேசவில்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் சம்சாரத்தையும் ஒரு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று தடுத்தது நான். அந்த நோய் தப்பான நடத்தை உள்ளவர்களுக்குத்தான் வரும் என்று டீக்கடையில் ஒருத்தர் சொன்னதை நம்பினேன். "என் பொண்டாட்டிக்கு எதுக்கு?" என்று சண்டை போட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று என் அம்மாவுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அம்மா அப்பாவைத் தவிர வேறு ஆளை ஏறிட்டுப் பார்த்ததில்லை. டாக்டரம்மாவிடமே கேட்டேன். "ஒரே புருஷனோட வாழ்ந்த பொம்பளைக்கும் வரும்பா, அது ஒரு கிருமி" என்றார். இந்த ஒரு வரியை ஆம்பிளைகள் கூடுகிற இடத்தில் சொன்னால் போதும். சங்கத்தில், லாரி ஆபீஸில், உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில். நீங்கள் வந்து சொன்னால் கேட்க மாட்டார்கள். எங்களில் ஒருத்தன் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு முற்றித்தான் தெரிந்தது. கரண்ட் (வெளியிலிருந்து கொடுக்கிற கதிர்வீச்சு) வைக்க 25 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து வாரம். வாரம் ஒரு நாள் மருந்து ஏற்றினார்கள். அதற்கு மேல் உள்ளே வைத்துக் கொடுக்கிற கதிர்வீச்சு தனி. சிகிச்சைக்குப் பணம் கட்டவில்லை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்த அட்டை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மையத்தில் பதிய வேண்டும். அம்மாவுக்கு நோய் தெரிந்த பிறகுதான் அதற்கு அலைந்தேன், 12 நாள் போய்விட்டது. உங்கள் 62 பேரில் அட்டை இல்லாதவர்கள் யார் என்று இப்போதே பாருங்கள்.

ஆனால் எங்களைக் கவிழ்த்தது சிகிச்சைச் செலவு இல்லை. ஐந்து வாரம் அம்மாவோடு ஒரு ஆள் இருக்கணும். தங்கச்சி இருந்தாள், அவள் கூலி போச்சு. ரூம் வாடகை, ரெண்டு பேருக்குச் சாப்பாடு, நான் வந்து போகிற செலவு. தங்கச்சி கம்மலை வைத்துத்தான் முடித்தோம்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒன்று. புற்றுநோய் நோயாளி சிகிச்சைக்குப் போகும்போது ஸ்லீப்பரில் டிக்கெட் முழுக்க இலவசம், கூட வருகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கி, கவுண்டரில் கொடுக்க வேண்டும். எனக்கு நாலாவது பயணத்தில்தான் தெரிந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். சம்சாரம் போன வருஷம் பரிசோதனை செய்துகொண்டது. நான்தான் கூட்டிப் போனேன்.


பதில்: ஒட்டன்சத்திரம் அக்கா

தம்பி, நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. எங்கள் ஆய்வில் நான் சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்கள் 1,874 பேர். அவர்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டது 100-க்கு 72 பேர்தான். சிகிச்சையும் எங்களிடமே இருந்தது, காசும் கிடையாது. ஆனாலும் அத்தனை பேர் எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார்கள். அந்த வீட்டில் யாரிடம் கேட்கப் போகிறாள் என்று நாங்கள் முன்கூட்டியே யோசிக்கவில்லை. பெண்ணைப் பார்க்கப் போகும்போதே அவள் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் பேசிவிட வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.


பதில்: அளத்துக்கரை (கேள்வி கேட்டவர், 16 நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், அக்கா கேட்ட கேள்வி.

நான் செய்துகொள்ளவில்லை. எனக்கு 36 வயது. 62 வீட்டில் போய்ச் சொன்னவள், என் பெயரை அந்தப் பட்டியலில் எழுதவே இல்லை. வேலை, நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், மைனிக்கு வந்தது எனக்கும் இருந்துவிட்டால் என்ற பயம். அதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

மறு வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். செவிலியர் என்னைவிடச் சின்னப் பெண். அக்கா சொன்னதைச் சொல்லிக் கருவியைக் கேட்டேன், கையில் கொடுத்தாள். வெந்நீரும் வைக்கச் சொன்னேன். கால் நடுங்கியது. "மூச்சை வாயால விடுங்கக்கா" என்றாள். வலி இல்லை, ஒரு இறுக்கம் மட்டும். மருந்தைத் தடவிவிட்டு ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும் என்றாள். சுவரில் கடிகாரம் இருந்தது. அந்த முள் ஒரு சுற்று வருவதற்குள் மைனியின் முகம், பிள்ளைகள், ரப்பர் பூட்ஸ், எல்லாம் வந்து போனது. "வெள்ளை எதுவும் இல்லைக்கா" என்றாள். இறங்கி வெளியே வந்து, படியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலமே சித்தி வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வா என்று கூப்பிடக்கூட இல்லை. சித்திதான், "எந்தக் கெழம வைப்போம்?" என்று கேட்டார்.

டாக்டர் சொன்ன மாதிரி முன்னாலேயே போன் செய்து எல்லாம் கேட்டுக்கொண்டேன். நானும் மைனி மகளும் சித்தியோடு போனோம். மைனி மகள் காலேஜில் படிக்கிறாள், அவள்தான் சீட்டை வாசித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். சித்தி போன தடவை உட்கார்ந்த மரத்தைக் காட்டினார். அவர் தேடின கட்டடம் அதற்கு நேர் பின்னால்தான் இருந்தது.

சித்திக்குப் புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தைய மாற்றம்தான் என்று சொல்லி, அடுத்த வாரம் வரச் சொல்லி உறைய வைத்துவிட்டார்கள். அந்தத் தடவையும் கூடப் போனேன். நாலு வாரம் அளத்துக்குப் போகக் கூடாது என்றதும் சித்தப்பாவின் முகம் இறுகியது. கூலியை நினைத்துத்தான். நானே அளக்காரரிடம் போய்ப் பேசினேன். என்ன நோய் என்று சொல்லவில்லை, ஆபரேஷன் மாதிரி என்று மட்டும் சொன்னேன். மழை வேறு வரப்போகிறது, இந்த வருஷம் இனி வேலை கொஞ்சம்தான், முடிந்து வரட்டும் என்றார்.

உப்பு லாரி அண்ணனுக்கு: நீங்கள் எந்தத் தட்டுமேட்டுக்கு வருகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் உங்களோடு சேர்ந்து பேச வருகிறேன் என்கிறார்கள். உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். காப்பீட்டு அட்டையையும் வீடு வீடாகப் பார்த்தேன். 62 வீட்டில் 19 வீட்டில் இல்லை.

முகாம் ஐப்பசி இரண்டாவது வாரம், மதியம் 2 மணிக்கு. ரேஷன் கடைக் கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பின்பக்க வாசல் உள்ள ஓர் அறை கேட்டிருக்கிறோம், பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது. டிரம் தண்ணீருக்கு மகளிர் குழுவில் காசு எடுத்துவிட்டோம். பட்டியலில் இப்போது 63 பெயர். முதல் பெயர் என்னுடையது, அதற்கு நேராகத் தேதி போட்டாயிற்று. பாவாடை பத்து தைக்கக் கொடுத்திருக்கிறோம், ஊதா நிறம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது சித்தி.